என் படத்துக்குக் கீழே இருந்த முகவரி

சாரம் பகுதியில் எங்கள் தெரு மெயின் ரோட்டைத் தொடும் முனையில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், என் முகம் பதினைந்து நாள் தொங்கியது. எட்டடி உயர பிளெக்ஸ் பேனர். ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி, கன்னத்தை வெளுப்பாக்கி, பின்னால் ஒரு சூரிய உதயத்தையும் இரண்டு புறாக்களையும் சேர்த்திருந்தார்கள். எங்கள் ஊரில் பேனர் வைக்கக் காரணமா வேண்டும்? காது குத்து, மஞ்சள் நீராட்டு, வார்டுக் கட்சிப் பதவி, யாரோ ஒரு அண்ணனின் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் அதே புறாக்கள்தான். எனக்கு வைத்தது ஒரு அசைன்மென்டில் முதல் மார்க் வாங்கியதற்காக. படத்துக்குக் கீழே ஒரு வெப்சைட் முகவரி இருந்தது. அந்த முகவரியைத் திறந்தால் என் தங்கையின் வியாதி இருந்தது. அவள் யாருக்கும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருந்ததை ஊருக்கே படிக்கக் கொடுத்தவள் நான்.

வீட்டில் நாலு பேர். அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். நானும் தட்டாஞ்சாவடியில்தான், பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியின் ஆபீசில் லெட்டர் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா வீட்டில். என்னைவிட ஐந்து வயது சின்னவளான தங்கை, டவுனில் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். வருவதற்கு முன்னால் அவளுக்கே தெரிந்துவிடும். இடது கை மரத்துப் போகும், ஏதோ தீய்ந்த வாசனை அடிக்கும். உடனே 'அக்கா, வருது' என்பாள். நான் போட்டது போட்டபடி ஓடுவேன். தரையில் படுக்க வைத்து, ஒருக்களித்துத் திருப்பி, தலைக்கடியில் துணியைத் திணித்து, அடங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அம்மா இரும்புச் சாவியைத் தேடிக்கொண்டு அழுவாள். அப்பா வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். ஆக, அவளுக்கு அந்த நேரத்தில் இருந்தது நான் ஒருத்திதான்.

பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷத்தில் ஒருதடவைகூட வந்ததில்லை. அவள் அங்கே யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் வேலை கிடைக்காது என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். வேலைக்குப் போகலாம், தடையில்லை என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டோம். அந்த வேலை அவளுக்கு உயிர். காலையில் சேஃப்டி பின் குத்திய புடவையும், சார்ட் பேப்பர் சுருளும், கையில் கலர் சாக்பீஸ் கறையுமாக அவள் கிளம்புவதைப் பார்த்தால் இவளுக்கா வியாதி என்று தோன்றும்.

நான் ஏன் படிக்கப் போனேன் என்று கேட்டால், பெரிய மனுஷி ஆகத்தான். லெட்டர் டைப் அடித்தே கிழவியாகிவிடுவேனோ என்ற பயம். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று ஆலோசனை உளவியலில் பட்டயப் படிப்பு நடத்தியது, தமிழ் மீடியம், எல்லாம் ஆன்லைன். ஆன்லைன் என்று பெயரே தவிர எங்கள் செட்டில் முப்பது பேரில் ஒருவர் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. அதற்காகத்தான் எங்கள் ஊரில் ஒரு ஸ்டடி சென்டர். முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்த மாடி அறை. அங்கே டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவரே இப்போது கம்ப்யூட்டர் ஆபரேட்டர். நாற்பது வயது, சாந்தமான ஆள், யார் என்ன கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். நல்ல மனிதர். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்திருக்கலாம்.

அப்ளிகேஷன் பதினொரு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். அவரே பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு இன்ட்டு மார்க் போட்டு வைத்திருந்தார். நாங்கள் வரிசையில் நின்று இன்ட்டு இருக்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டோம். என்ன எழுதியிருக்கிறது என்று முப்பது பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கேட்பது அவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமே. பிறகு ஒவ்வொருவருக்கும் அவரே ஒரு மெயில் ஐடி உண்டாக்கினார். பாஸ்வேர்ட், அவரவர் பிறந்த தேதி. மறந்துபோகக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரு சார்ட்டில் அழகாக எழுதி, தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் ஒட்டினார். பெயர், பதிவு எண், மெயில், பாஸ்வேர்ட். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் படிக்கலாம். எங்களுக்கு வரும் மெயிலை அவரே திறந்து பார்ப்பார், பதில் வேண்டியதற்கு அவரே பதில் போடுவார், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முக்கியமானதை மட்டும் வாயால் சொல்வார். என் மெயிலை நான் ஒருதடவைகூடத் திறந்ததில்லை. 'சார் பாத்துப்பாரு' என்பதுதான் அங்கே எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு.

மூன்றாவது பாடத்தின் தலைப்பு ரகசியம் காத்தல். நம்மிடம் வருகிறவர் சொன்னதை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று இருபது பக்கம். அதில் வைத்த சின்னத் தேர்வில் எனக்குப் பத்துக்குப் பத்து. அடுத்து அசைன்மென்ட். உங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி ஒரு கேஸ் ஸ்டடி எழுதுக, பெயரை மாற்றிவிடவும்.

எனக்கு யாரை நெருக்கமாகத் தெரியும்? இரண்டு வாரம் உட்கார்ந்து பதினான்கு பக்கம் எழுதினேன். என் தங்கைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெயரை வைத்தேன். பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அடியில் கோடு போட்டு வேறு எழுதினேன். ஆனால் முதல் வரியே 'இவர் என்னுடைய ஒரே தங்கை, நர்சரிப் பள்ளி ஆசிரியை' என்றுதான் தொடங்கியது. முதல் பக்கத்தின் மேலே என் பெயர், என் ஊர், என் போட்டோ. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அன்றைக்கு அது தோன்றவே இல்லை. பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், தீர்ந்தது விஷயம். முதல் தடவை வலிப்பு வந்த நாள், எத்தனை நிமிஷம், கண் எப்படிப் போயிற்று, எழுந்ததும் என்ன சொன்னாள், ஒன்று விடாமல் எழுதினேன். எழுத எழுத எனக்கே கண் கலங்கியது. எவ்வளவு நன்றாக எழுதுகிறோம் என்று பெருமையாகவும் இருந்தது.

அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்து விட்டுவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை.

அந்தப் பக்கங்களை ஆபரேட்டர் ஸ்கேன் செய்து ஏற்றினார். ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். பல்கலைக்கழகத்திலேயே என்னுடையதுதான் முதல், மாதிரி அசைன்மென்டாக அவர்களுடைய வெப்சைட்டில் போட்டிருக்கிறார்கள், புதிதாகச் சேருகிறவர்கள் பார்ப்பதற்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்டருக்கு இது நல்ல விளம்பரம், அடுத்த வருஷ அட்மிஷனுக்கு உதவும் என்று பேனர் அடிக்க என் போட்டோவைக் கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் நல்ல போட்டோவாகத் தேடிக் கொடுத்தேன்.

பேனர் கட்டிய அன்று எங்கள் வீட்டில் கல்யாணக் களைதான். அப்பா டியூட்டிக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனாராம். தங்கைதான் எல்லோரையும்விட ஆடினாள். பேனருக்குக் கீழே என்னை நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்று, போகிற வருகிறவரிடம் செல்போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். மறுநாள் அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து, எங்கக்கா ஃபர்ஸ்ட் மார்க் என்று சொல்லியிருக்கிறாள். எதைப் பற்றி எழுதின என்று என்னிடம் கேட்டாள். சும்மா ஒரு பாடம்டி, உனக்குப் புரியாது என்றேன். இவள் இதைப் படித்துவிட்டால் என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. இதை யார் போய்ப் படிக்கப் போகிறார்கள் என்று அதையும் அமுக்கிவிட்டேன்.

மிட்டாய் வாங்கிய பிள்ளைகளில் ஒன்றின் அப்பா படித்தார். டீச்சருடைய அக்கா அப்படி என்ன எழுதினாள் என்று ஒரு நல்ல எண்ணத்தில்தான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பேனரில் இருந்த முகவரியை அடித்திருக்கிறார். பாஸ்வேர்டெல்லாம் கேட்கவில்லை, யார் வேண்டுமானாலும் திறக்கிற பக்கம். பதினான்கு பக்கத்தையும் பிரின்ட் எடுத்தார். இரண்டே நாளில் பள்ளி வாசலில் பிள்ளைகளை விட வந்த அம்மாக்கள் கையில் ஜெராக்ஸ் இருந்தது.

பள்ளியை நடத்தியவர் வயதான பெண்மணி. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படிப்பு, பழைய குடும்பம், டீச்சர்களிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். மதாம் திட்டவில்லையாம். என் தங்கையை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்து, மேஜை மேல் அந்த ஜெராக்ஸை எடுத்து வைத்திருக்கிறார். இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் இருந்தாயே, இதை ஒரு தகப்பன் கொண்டுவந்து கொடுத்து நான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். இவளுக்கு அது என்ன என்றே புரியவில்லை. முதல் பக்கத்தைப் பார்த்ததும் என் கையெழுத்து தெரிந்திருக்கிறது. வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி அன்று மதியமே அனுப்பிவிட்டார்கள். மதாம் பக்கமும் நியாயம் இருக்கலாம், ஐம்பது சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம். ஆனால் என்றைக்காவது அதைச் சொல்வதாக இருந்தால் என் தங்கையே வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அவளுக்கு இருந்த உரிமையை நான் எடுத்துக்கொண்டேன்.

நான் வேலை முடிந்து வரும்போது சார்ட் சுருள்களும் சாக்பீஸ் டப்பாவும் கூடத்தில் மூலையில் கிடந்தன. அவள் உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். என்னடி பண்ணித் தொலைச்ச என்றாள். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டடி சென்டருக்கு ஓடினேன்.

ஆபரேட்டர் பதறிப்போனார். நிஜமாகவே பதறினார். ஆனால் வெப்சைட்டிலிருந்து எடுக்க அவரால் முடியாது, பல்கலைக்கழகம்தான் எடுக்க வேண்டும். பேனரையாவது கழற்றுங்கள் என்றேன். முதலாளியைக் கேட்க வேண்டும் என்றார். அந்த முதலாளியை நான் கண்ணால் கண்டதே இல்லை. பேனர் கடைசிவரை கழற்றப்படவில்லை. யாரோ ஒரு அண்ணனுக்குப் பிறந்தநாள் வந்து, அவருடைய பேனரை என் முகத்துக்கு மேலேயே கட்டினார்கள். எனக்குக் கிடைத்த உதவி அது ஒன்றுதான்.

லீவு போட்டு பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நாலு ஜன்னல் ஏறி இறங்கிய பிறகு மாணவர் குறை தீர்க்கும் பிரிவில் ஒருவர் கிடைத்தார். கேஸ் ஸ்டடியில் இருப்பது என் தங்கை, அவள் வேலை போய்விட்டது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் என் பதிவு எண்ணைக் கேட்டு எதையோ தட்டி, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். உங்கள் அசைன்மென்டைப் பொதுப் பார்வைக்கு வெளியிட விரும்புகிறோம், சம்மதமா என்று அவர்கள் எனக்கு மெயில் அனுப்பியிருக்கிறார்கள். மறுநாளே என் மெயிலிலிருந்து பதில் போயிருக்கிறது. முழு சம்மதம், மிக்க நன்றி, என்று.

"இது நான் போடல சார்," என்றேன்.

"அப்ப பாஸ்வேர்டை யார்கிட்ட குடுத்தீங்க?"

என்ன சொல்வது? அது என்றைக்கு என் கையில் இருந்தது, நான் ஒருவரிடம் கொடுப்பதற்கு? தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் இருக்கிறது சார் என்றா சொல்ல முடியும்? பாஸ்வேர்டைப் பாதுகாப்பது மாணவரின் பொறுப்பு என்று நான் கையெழுத்துப் போட்ட அப்ளிகேஷனில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்பதையும் காட்டினார். பக்கத்தின் கீழே என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் பென்சில் இன்ட்டு மார்க், அழிக்கக்கூட இல்லை. சரி, நான் ஏமாந்தவள், என்னை விடுங்கள், என் தங்கை சம்மதம் கொடுக்கவில்லையே, அவள் சார்பில் ஒரு புகார் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் சிரிக்கவெல்லாம் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஏம்மா, அவங்க எங்க ஸ்டூடன்ட் இல்லியே. அவங்க எப்படி எங்ககிட்ட கம்ப்ளைன்ட் குடுக்க முடியும்? அதுவும் இல்லாம, பேரத்தான் நீங்க மாத்திட்டீங்களே."

என் பெயரில் நானே ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ரகசியம் காத்தல் பாடத்தை எழுதியவர்கள் அதே கட்டிடத்தில் ஏதோ ஒரு மாடியில் உட்கார்ந்திருப்பார்கள் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து வெப்சைட்டில் மாதிரி அசைன்மென்ட் பட்டியலிலிருந்து என் பெயர் போயிற்று. ஆனால் பேனரில் இருந்த முகவரியை முழுசாக அடித்தால் அந்தப் பதினான்கு பக்கமும் அப்படியே திறந்தது. மறுபடி எழுதினேன். உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் ஆபரேட்டர்தான் திறந்து படித்து எனக்குச் சொன்னார்.

அவரிடமும் கேட்டேன், ஏன் சார் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் சம்மதம் என்று போட்டீர்கள் என்று. குரல் உயர்த்தித்தான் கேட்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"நல்ல விஷயம்தானேன்னு போட்டுட்டேன் மேடம். கேட்டிருந்தா மட்டும் வேணாம்னா சொல்லிருப்பீங்க?"

சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் உண்மை. தலையை ஆட்டிக்கொண்டு, போட்டோவையும் சேர்த்துக் கொடுத்திருப்பேன். யாரையெல்லாமோ கை நீட்டிக் குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு அந்தக் கேள்விக்கு அப்புறம் அங்கே நிற்க முடியவில்லை.

இதற்கிடையில் வீட்டில் தங்கை என்னோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் தலையசைப்பாள், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்த மறுநாள் சாயங்காலம், அந்தப் பேப்பரைக் கொடு என்று கேட்டாள். மதாம் மேஜையில் முதல் பக்கம்தான் பார்த்தாளாம், முழுசாகப் படிக்க வேண்டுமாம். நான் என் பிரதியைக் கொடுத்தேன். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுவாள், கத்துவாள், பேப்பரை முகத்தில் வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். படித்து முடித்துப் பக்கங்களை வரிசையாக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிப்புன்னு எழுதுன, சரி. அது ஆஸ்பத்திரி சீட்டுலகூட இருக்கு. பாவாட நனைஞ்சி போச்சின்னு எழுதிருக்கியே, அது எந்தச் சீட்டுலயாவது இருக்கா? அம்மாவுக்கே தெரியாது. நீ ஒருத்திதான் பாத்த. நீதான் எனக்கு மாத்தி வுட்ட. நீ ஒருத்திதான்னு நெனச்சித்தான் நான் ஒன்ன கூப்ட்டேன்."

நான் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிச்சிடுடி, மன்னிச்சிடுடி என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவள் என் கையை மெதுவாக எடுத்து விட்டாள்.

"அதுக்கு எவ்ளோ மார்க்கு போட்டாங்க?"

நான் சொல்லவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.

அவளுக்கு வேறு பள்ளியில் வேலை கிடைக்கவில்லை. ஊர் சின்னது, ஜெராக்ஸ் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். நான் படிப்பை விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். விடவில்லை. அடுத்த அசைன்மென்டை அதற்கு அடுத்த மாதமே எழுதிக் கொடுத்தேன், வெட்கங்கெட்டவள். சான்றிதழ் வந்து பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு யாருக்கு ஆலோசனை சொல்வது? என் பேனரைத் தெருமுனை டீக்கடைக்காரர் வாங்கிப்போய்க் கூரை ஒழுகுகிற இடத்தில் போட்டிருக்கிறார். உள்பக்கமாகத் திருப்பிப் போட்டிருப்பதால், டீ குடிக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் என் ஒரு கண்ணும் புறாவும் முகவரியில் பாதியும் தெரியும்.

அதற்கப்புறமும் அவளுக்கு வலிப்பு வராமல் இல்லை. இப்போது அவள் என்னைக் கூப்பிடுவதில்லை. கை மரத்துப் போவது தெரிந்ததும் பேசாமல் எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். டாக்டர் அப்படிச் செய்யவே கூடாது என்றார். சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. அப்பா தாழ்ப்பாளைக் கழற்றி வைத்தார். அவளே ஆளைக் கூப்பிட்டுப் புதிதாகப் போட்டாள்.

போன மாதமும் வந்தது. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். உள்ளே குதிகால் தரையில் அடித்துக்கொள்கிற சத்தம். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் கழித்து அடங்கியது. பிறகு துணி உரசுகிற சத்தம், பீரோ திறக்கிற சத்தம். தானே மாற்றிக்கொள்கிறாள். ஏதாவது வேண்டுமாடி என்று கதவைத் தட்டினேன்.

"அங்க நிக்காத, போ," என்றாள்.